பெதெஸ்டாவுக்கு ஒரு திறந்த மடல்: ஆறாவது உலகத்தைக் கையால் கட்டுங்கள்

மேரிலாண்ட் மாநிலம் ராக்வில்லில் இயங்கி, கணினி விளையாட்டுகளை (கேம்களை) உருவாக்கும் பெதெஸ்டா கேம் ஸ்டூடியோஸ் குழுவினருக்கு,

வணக்கம்.

2018 ஜூனில், இ3 கண்காட்சியையொட்டி நீங்கள் நடத்திய நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு டீசர் காட்டினீர்கள். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. கீழே மலைகள், அவற்றுக்கு அப்பால் கடற்கரை, கேட்டவுடனே சிலிர்க்கவைக்கும் அந்த இசை, அப்புறம் தலைப்பு: ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’. எந்த நாட்டில் நடக்கும் கதை என்று சொல்லவில்லை, எந்த ஆண்டு வரும் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து காத்திருக்கிறோம். சரியாகச் சொன்னால், அதே தொடரின் ஐந்தாவது கேமாக 2011 நவம்பர் 11 அன்று வெளியான ஸ்கைரிமை முடித்த நாளிலிருந்தே காத்திருக்கிறோம்.

எப்போது வரும் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்காத ஆள் இல்லை. 2023-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் வழக்கில் சாட்சி சொன்ன உங்கள் தாய் நிறுவனமான மைக்ரோசாஃப்ட்டின் ஃபில் ஸ்பென்சர், இன்னும் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்றார். ஆகட்டும். நான் கேட்க வந்தது, அந்த உலகத்தை எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்பதை. உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான், மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. நிலப்பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குகையையும், ஒவ்வொரு வீட்டையும், சாலையோரக் கல்லறையையும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் செய்யட்டும்.

இதை வெளியிலிருந்து வந்த யாரும் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. உங்கள் வரலாற்றிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1996-இல் இந்தத் தொடரின் இரண்டாவது கேமான டாகர்ஃபாலை வெளியிட்டீர்கள். பிரிட்டன் அளவுக்கு நிலம் என்று சொல்லப்பட்ட உலகம் அது. ஆயிரக்கணக்கான ஊர்கள், கோயில்கள், பண்ணைகள், டன்ஜன்கள் எனப்படும் ஆபத்து நிறைந்த நிலவறைகள். அத்தனையையும் மனிதர்கள் வரைந்து முடிக்க முடியாது என்பதால், கணினியே விதிகளை வைத்து அடுக்கித் தந்தது. முன்கூட்டியே செய்துவைத்த துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து டன்ஜன்கள் உருவாயின. அந்தக் காலத்துக்கு அது பிரமிப்பான சாதனை, இன்றும் அதை விரும்பி விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். யூனிட்டி எஞ்சினில் (கேம் கட்டும் மென்பொருளில்) அதை ரசிகர்களே புதிதாகக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள் என்றால் அந்த அன்பு எவ்வளவு ஆழமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டாகர்ஃபாலில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு யாரும் நடந்து போவதில்லை. நடந்தால் வழியில் பார்க்க ஒன்றும் இல்லை. வரைபடத்தைத் திறந்து, ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, நேரே போய் இறங்குவதுதான் வழக்கம். பத்தாவது ஊரும் முதல் ஊரைப் போலவே இருக்கும்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1998-இல் ரெட்கார்ட் என்ற கேம் வந்தது. ஸ்ட்ராஸ் ம்காய் என்ற ஒரே ஒரு சின்னத் தீவு. கணினி அடுக்கியது எதுவும் இல்லை, ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு ஆளும் யோசித்து வைக்கப்பட்டவை. அந்த கேமுக்குத் தலைமை தாங்கியவர் டாட் ஹாவர்ட். அது விற்கவில்லை, நிறுவனம் மூழ்கும் நிலைக்குப் போனது, 1999-இல் ஜெனிமேக்ஸ் என்ற தாய் நிறுவனம் உருவாகித்தான் தலை தப்பியது. இருந்தும் ரெட்கார்டில் கற்றதை நீங்கள் தூக்கிப்போடவில்லை. அடுத்த கேமான மாரோவிண்டுக்கு முதலில் முழு மாகாணத்தையும் காட்டத் திட்டமிட்டு, பிறகு வார்டன்ஃபெல் என்ற ஒரு தீவோடு நிறுத்திக்கொண்டீர்கள். டாகர்ஃபாலோடு ஒப்பிட்டால் அந்தத் தீவு ஒரு புள்ளி. 2002-இல் அந்தப் புள்ளி உங்கள் நிறுவனத்தைக் காப்பாற்றியது.

ஏன் என்று யோசித்தால் எனக்கு செய்தா நீன் தான் நினைவுக்கு வருகிறது. மாரோவிண்ட் தொடங்கும் அந்தக் குட்டித் துறைமுக ஊர். ஊரைவிட்டு வெளியே வந்து சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டே வந்து விழுந்து சாகிறான். யாரும் முன்னறிவிப்பு செய்வதில்லை. போய்ப் பார்த்தால் அவன் ஒரு மந்திரவாதி, மிக உயரமாகத் தாவும் மந்திரச் சுருள்களைக் கண்டுபிடித்தவன். தாவுவதற்கு வழி கண்டவன் இறங்குவதற்கு வழி காணவில்லை. மிச்சச் சுருள்கள் அவன் உடலில் இருக்கின்றன. எடுத்து நாமும் படித்துப் பார்க்கலாம், அவனைப் போலவே சாகலாம். கதைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் இந்த உலகத்தின் குணம் என்ன என்பதைச் சொல்லிவிட்டீர்கள்: இங்கே மந்திரம் உண்மை, அது ஆளைக் கொல்லும், நீ என்ன செய்தாலும் தடுக்க ஆளில்லை. எந்த விதியை எழுதிக் கொடுத்தாலும் கணினி இப்படி ஒன்றை அந்த இடத்தில் வைக்காது. யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, வைத்திருக்கிறார்.

ஸ்கைரிமிலும் இதே கைதான் வேலை செய்தது. மாரோவிண்டுக்கு அடுத்து வந்த ஆப்ளிவியனின் டன்ஜன்கள் அலுப்பூட்டுகின்றன என்ற குறையைக் கேட்டு, ஸ்கைரிமுக்கு டன்ஜன் வடிவமைப்புக்கென்றே எட்டுப் பேர் கொண்ட குழுவை அமைத்தீர்கள். பலன் தெரிந்தது. ஃப்ராஸ்ட்ஃப்ளோ கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குக் கடலோரம், பனிக்குள் தனியாக நிற்கிறது. உள்ளே போனால் ரத்தம், நாட்குறிப்புகள். ஹாப்ட் என்றொருவர் கடலைப் பார்த்தபடி ஓய்வாக வாழ ஆசைப்பட்டு, மனைவி ரமாதியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிய இடம் அது. நிலவறையில் ஏதோ சத்தம் கேட்டதைக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். சத்தம் போட்டது எது என்பது கீழே இறங்கினால் தெரியும். அடியாழத்தில் இருக்கும் பெரிய பூச்சியைக் கொன்றால் அதன் வயிற்றில் ஹாப்டின் எச்சங்கள் இருக்கும். செத்த பிறகும் கடலைப் பார்த்தபடியே இருக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்ததை நினைவு வைத்திருப்பவர், அந்த எச்சங்களை உச்சிக்குக் கொண்டுபோய் விளக்கின் நெருப்பில் இடலாம். அப்படிச் செய்தால் ஒரு சின்ன வரம் கிடைக்கும். பெயர், மாலுமியின் இளைப்பாறல்.

ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் அந்த ஒரு கட்டடத்துக்குள் அடங்கிவிட்டது. யாரும் நீளமாகப் பேசவில்லை, ஒரு காட்சியும் ஓடவில்லை. பொருள்கள் கிடக்கும் விதமும் நான்கு தாள்களும் போதுமாக இருந்தன. ஸ்கைரிமை விளையாடிய எந்த இருவரைப் பேசவிட்டாலும் பேச்சு டிராகன்களில் தொடங்கி இப்படி ஓர் இடத்தில்தான் வந்து நிற்கும். “அந்தக் கலங்கரை விளக்கத்துக்குப் போனியா?” என்று ஒருவர் கேட்பார், மற்றவர் “போகலையே, எங்கே இருக்கு?” என்பார். இந்தக் கேள்வி பிறக்க வேண்டுமானால் அந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் விண்வெளி கேமான ஸ்டார்ஃபீல்ட். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள். அதில் உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். கப்பல் கட்டும் பகுதி அருமை, நகரங்களில் நல்ல கதைகள் உண்டு, மேசைமேல் இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் உங்கள் பழைய அக்கறை தெரிகிறது. ஆனால் கோள்களின் தரை டாகர்ஃபாலின் தரைதான். கணினி நிலத்தை விரிக்கிறது, முன்பே செய்துவைத்த கட்டடங்களை அதன்மேல் தூவுகிறது. ஒரு நட்சத்திர மண்டலத்தில் கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, வேறொரு மண்டலத்துக்குத் தாவி இறங்கினால் அதே ஆய்வுக்கூடம், அதே அறைகள், அதே மூலையில் அதே பிணம், அதன் அருகே அதே குறிப்பு. முதல் முறை அந்தக் குறிப்பைப் படித்தபோது வந்த வருத்தத்தை இரண்டாவது முறை அழித்துவிடுகிறது. அந்த மனிதன் செத்தது உண்மையில்லை என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிறது. ஸ்டார்ஃபீல்ட் பற்றி எழுந்த குறைகளில் இதுதான் ஆழமானது என்பது என் எண்ணம். இடம் மாறும்போது காத்திருக்க வைக்கும் ஏற்றத் திரைகள் அதிகம், முகங்கள் விறைப்பாக இருக்கின்றன என்பதெல்லாம் அடுத்த கேமில் சரியாகிவிடக்கூடியவை.

நீங்களும் இதைக் கவனித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2024 செப்டம்பரில் வந்த ஷாட்டர்ட் ஸ்பேஸ் விரிவாக்கத்தில் ஒரே ஒரு கோளை எடுத்துக்கொண்டு, அதிலும் ஒரு பகுதியை மட்டும் கையால் செய்தீர்கள். கதை எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிலத்தில் நடப்பதற்குக் காரணம் இருந்தது. ஒரு மேடு தெரிந்தால் அதன் பின்னால் என்ன என்று பார்க்கத் தோன்றியது.

ஆறாவது கேமுக்கு ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுக் காத்திருப்புக்கு ஈடாக எல்லாமே பெரிதாக இருக்க வேண்டும் என்ற அழுத்தம் உங்கள்மேல் இருக்கும். விளம்பரத்தில் போட ஓர் எண் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். ஸ்கைரிமைவிட எத்தனை மடங்கு, எத்தனை ஊர், எத்தனை மணி நேரம். அதோடு எழுத்தையும் படத்தையும் குரலையும் கணினியே செய்துதரும் கருவிகள் எல்லா ஸ்டூடியோக்களின் கதவையும் இப்போது தட்டுகின்றன. ஒரு கிராமத்துக்கு நூறு பேர், ஒவ்வொருவருக்கும் முடிவில்லாத பேச்சு என்று ஆசை காட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மரங்களையும் பாறைகளையும் மலைச்சரிவில் பரப்பக் கணினியைப் பயன்படுத்துங்கள், அதை எப்போதும் செய்துதான் வந்திருக்கிறீர்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஒருவன் ஏன் அந்த நிலவறையைப் பூட்டிவைத்தான் என்பதை ஒரு மனிதர் முடிவு செய்யட்டும். முடிவில்லாமல் பேசும் நூறு பேரைவிட, சொல்ல வேண்டியதை நாலு வரியில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கும் ஒரு கொல்லர் போதும் எங்களுக்கு.

கையால் கட்டிய உலகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் வழி சொல்ல முடியும். மாரோவிண்டில் திசைகாட்டும் அம்புக்குறி கிடையாது. பால்மோராவிலிருந்து கிளம்பு, மூன்மாத் கோட்டையைத் தாண்டு, ட்வேமர் என்ற மறைந்துபோன இனத்தவர் கட்டிய பழைய பாலத்தைக் கடந்தால் இடிபாடு வரும், கதவைத் திறக்க வெளியே இருக்கும் கைப்பிடியைத் திருக வேண்டும் என்று ஆட்கள் சொல்வார்கள். ஊரில் பெரியவர்கள் ஆலமரத்தையும் வாய்க்கால் பாலத்தையும் அடையாளம் சொல்லி வழி காட்டுவது போலத்தான். கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். சில வழிகள் தப்பாகவும் இருந்தன, அதற்காகத் திட்டியவர்களும் உண்டு. ஆப்ளிவியன் முதல் திசைகாட்டியில் ஒரு குறி வந்துவிட்டது. ஸ்கைரிமில் அந்தக் குறியை அணைத்துவிட்டு விளையாடிப் பார்த்தால் பல வேலைகளை முடிக்கவே முடியாது. எங்கே போக வேண்டும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, குறி காட்டும் என்ற நம்பிக்கையிலேயே வசனம் எழுதப்பட்டிருக்கிறது.

குறியை எடுத்துவிடச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுகிறவர்களுக்கு அது தேவை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் தேவை. ஆனால் குறி இல்லாமலும் போய்ச் சேரும்படி வசனத்தை எழுதுங்கள். அதை எழுத வேண்டுமானால் எழுதுகிறவர் அந்த நிலத்தில் நடந்து பார்த்திருக்க வேண்டும். அப்போது வசனம் எழுதும் மேசையும் நிலம் கட்டும் மேசையும் தானாகவே பக்கத்தில் வந்துவிடும்.

டீசரில் தெரிந்த நிலம் ஹாமர்ஃபெல் என்று பல ரசிகர்கள் ஊகிக்கிறார்கள். ரெட்கார்ட் மக்களின் பாலைவனமும் கடலோரமும். அது உண்மையானால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனென்றால் கையால் கட்டுவதை நீங்கள் முதலில் கற்றுக்கொண்ட ஸ்ட்ராஸ் ம்காய் தீவு அந்த நாட்டைச் சேர்ந்ததுதான். அதோடு அது பாலைவனம். காலியாக விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் அங்கே எளிதாக வரும். பாலையில் வாழ்கிறவர்களுக்கு அது காலி நிலம் இல்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் உரிமை உண்டு, சண்டை உண்டு, பெயர் உண்டு. இரண்டு நாள் நடந்து ஒரு கிணற்றை அடைந்தால் அந்தக் கிணற்றின் கதையும் அங்கே இருக்கட்டும்.

சரி, இதையெல்லாம் செய்யப்போகிற ஆட்களைப் பற்றி. ஸ்கைரிமைச் செய்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். இன்று நீங்கள் பல நகரங்களில் பல நூறு பேர். 2024 ஜூலையில் உங்கள் ஸ்டூடியோவின் 241 பணியாளர்கள் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழிலாளர் சங்கத்தின் கீழ் அணிதிரண்டார்கள், மைக்ரோசாஃப்ட்டும் அதை ஏற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது, கேம் நன்றாக வரும் என்ற நம்பிக்கை எனக்குக் கூடியது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் உங்கள் சகோதர ஸ்டூடியோக்களான ஆர்கேன் ஆஸ்டினையும் டாங்கோ கேம்வொர்க்ஸையும் மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. கையால் கட்டும் உலகத்துக்கு, கட்டத் தெரிந்த கைகள் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். கேம் முடிந்த மறுநாள் வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு, யாரும் போகாத ஒரு குகைக்குள் நாட்குறிப்பு எழுதிவைக்க மனம் எங்கிருந்து வரும்? கேம் தாமதமாவதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். செய்தவர்களை இரவு பகலாக வாட்டி முடித்தார்கள் என்று பிற்பாடு தெரியவந்தால் அந்த உலகத்தில் நிம்மதியாக நடக்க முடியாது.

காத்திருப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் தொடரின் தொடக்கத்தில் இருந்த ஜூலியன் லெஃபே 2025 ஜூலையில் காலமானார். தொடரின் முதல் கேமான அரீனாவையும் டாகர்ஃபாலையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர், அறிவின் தெய்வமான ஜூலியானோஸுக்கு அவர் பெயரைத்தான் வைத்தீர்கள். ஸ்கைரிம் விளையாடும் காட்சிகளை வெளியிட்டு ‘ஸ்கைரிம் பாட்டி’ என்று எல்லோரும் கொண்டாடும் ஷெர்லி கர்ரி 1936-இல் பிறந்தவர். ரசிகர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, ஆறாவது கேமில் அவரை ஒரு பாத்திரமாக வைப்பதாக 2019-இல் அறிவித்தீர்கள். 2025-இல் ஓர் அறக்கட்டளைக்காக, அந்த கேமில் ஒரு பாத்திரத்தை வடிவமைக்கும் வாய்ப்பை ஏலம் விட்டீர்கள், 85,000 டாலருக்கும் மேல் போனது. மறைந்த தங்கள் நண்பர் ஒருவரின் நினைவுக்காக ரசிகர்கள் கூட்டுச் சேர்ந்து அதில் ஏலம் கேட்டார்கள். இவ்வளவு பேரின் வாழ்வு இந்த ஒரு கேமின்மேல் வந்து படிந்திருக்கிறது.

ஆகையால் அடுத்த முறை பேசும்போது தேதியோடு பேசுங்கள். 2025 ஏப்ரல் 22 அன்று, பழைய ஆப்ளிவியனைப் புதுப்பித்த ஆப்ளிவியன் ரீமாஸ்டர்டை அறிவித்தீர்கள், அன்றே விற்பனைக்கும் விட்டீர்கள். அந்த ஒரு நாளில் உலகம் முழுவதும் கிடைத்த மகிழ்ச்சியை நீங்களும் பார்த்தீர்கள். இவ்வளவு பெரிய கேமுக்கு ஒரே நாளில் இரண்டையும் செய்ய முடியாமல் போகலாம். ஆறு மாதம் முன்னால் சொன்னால் போதும். அதுவரை மௌனமாக இருந்தாலும் வருத்தமில்லை. இன்னொரு ஒரு நிமிட டீசர் மட்டும் வேண்டாம்.

கடைசியாக, ரசிகர்களே கேமில் செய்து சேர்க்கும் மாற்றங்களான மாட்கள் (mods). மாரோவிண்டின் கணினிப் பதிப்போடு, அந்த உலகத்தை நீங்கள் எதை வைத்துக் கட்டினீர்களோ அந்தக் கருவியையே வட்டில் போட்டுக் கொடுத்தீர்கள். கேம் உலகில் இதற்கு நிகரான தாராளம் அரிது. அதை வைத்துத்தான் டாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் குழு, நீங்கள் கட்டாமல் விட்ட மாரோவிண்டின் நிலப்பகுதியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துண்டு துண்டாகக் கட்டி வெளியிட்டு வருகிறது. கணினி அடுக்கவில்லை, அதையும் ஆட்கள்தான் கையால் செய்கிறார்கள். ஸ்கைரிமில் மாடாகத் தொடங்கிய ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ 2021-இல் தனி கேமாகவே வெளிவந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த எண்டரால், ஸ்கைரிமின் எஞ்சினில் முற்றிலும் வேறொரு உலகம். ஸ்கைரிம் இன்னமும் உயிரோடு இருப்பதில் பாதிப் பங்கு இவர்களுடையது.

இந்த உறவில் சில கீறல்களும் விழுந்திருக்கின்றன. 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் மாட்களுக்கு விலை வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றீர்கள். 2024 ஏப்ரலில் உங்கள் இன்னொரு கேமான ஃபால்அவுட் 4-க்குப் பெரிய அப்டேட் வந்தபோது, பல ஆண்டு உழைப்பில் முடிந்திருந்த ‘ஃபால்அவுட்: லண்டன்’ மாட் தள்ளிப்போய் ஜூலையில்தான் வெளிவர முடிந்தது. ஆப்ளிவியன் ரீமாஸ்டர்டுக்கு அதிகாரபூர்வமாக மாட் ஆதரவே இல்லை. ஆறாவது கேமில் கருவி முதல் நாளிலேயே வேண்டும். அப்டேட் வந்தாலும் பழைய பதிப்பிலேயே தங்கிக்கொள்ளும் வழி வேண்டும். விற்க விரும்புகிறவர் விற்கட்டும், ஆனால் இலவசமாகக் கொடுக்க விரும்புகிறவருக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது.

அந்தக் கருவியோடு இன்னொன்றும் கேட்கிறேன், இது தமிழ் வாசகனாக. ஸ்கைரிமில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் உண்டு. அந்தப் புத்தகங்களுக்காகவே விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகாரபூர்வ மொழிகளில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. துருக்கியிலும் பிரேசிலிலும் ஹங்கேரியிலும் ரசிகர்களே தங்கள் மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தமிழில் மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போகாது. சிக்கல் எழுத்தைத் திரையில் காட்டுவதில் இருக்கிறது. ‘கொ’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோடில்) உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. குறியீடுகளை வந்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போகும் எஞ்சினில் தமிழ் சிதறிவிடும், எழுத்துருவை மட்டும் மாற்றிப் பயனில்லை. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற இலவச மென்பொருள் செய்கிறது. குரோமும் ஆண்ட்ராய்டும் அதைத்தான் பயன்படுத்துகின்றன, கோடோ போன்ற கேம் எஞ்சின்களும் அதைச் சேர்த்துவிட்டன. தமிழுக்கு ஒருங்குறியில் 1991 முதலே இடம் இருக்கிறது. உங்கள் எஞ்சினில் இந்த ஒரு பகுதியைச் சேர்த்தால் தமிழ் மட்டுமல்ல, இந்தி, வங்காளம், சிங்களம், மலையாளம், தாய் என்று பல கோடிப் பேரின் எழுத்துகளுக்குக் கதவு திறக்கும். மொழிபெயர்ப்புக்கு நீங்கள் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எழுத்து உடையாமல் திரையில் வந்தால் போதும். அதை இப்போதே, எஞ்சின் இன்னும் மேசைமேல் இருக்கும்போதே, செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் உலகங்களில் நடந்து திரியும் ஒரு தமிழ் ரசிகன்